பெருமிதமும் வெகுளியும்: ஒரு திரைப்பட ஆய்வு

வீரனை வீரனாக்குவது யாது என்னும் வினா மிகப் பழையது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அதற்கு விடை வகுத்துள்ளார். பின்வந்தோர் வீரம் எனக் கூறும் சுவையை அவர் பெருமிதம் எனப் பெயரிட்டார். கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையும் அதன் நிலைக்களங்கள் என்றார். வெகுளியை அதனின் வேறாக வைத்து, உறுப்பை அறுத்தலினாலும், குடிக்குக் கேடு சூழ்தலினாலும், அலைத்தலினாலும், கொலையினாலும் அது பிறக்கும் என்றார். இரண்டும் போர்க்களத்திலே அருகருகே தோன்றுவன. ஆதலின் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'லோன் வுல்வ் மக்வேட்' என்னும் திரைப்படம் இம்மயக்கத்தினைத் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஸ்ரீவ் காவர் நெறிப்படுத்திய இப்படத்தின் தலைவன் மக்வேட், ரெக்சாஸ் மாநிலத்து ரேஞ்சர் படையினன். எல்லைப்புறக் காவலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றிய அப்படை, 1935ஆம் ஆண்டு தொடக்கம் அம்மாநிலப் பொதுப்பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒரு பிரிவாக விளங்கி வருவது. மெக்சிக்கோ எல்லையிலுள்ள எல் பாசோ நகரைச் சார்ந்த பாலைநிலமே கதைக்களம். மக்வேட் மனைவியைப் பிரிந்தவன். பேணப்படாத வீட்டிலே ஓர் ஓநாயோடு வாழ்பவன். துணைவன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளுமாறு மேலதிகாரி பணித்தபோதும் அதனை விரும்பாதவன். 'தனித்த ஓநாய்' என்னும் தலைப்பு அவன் இயல்பையே குறிக்கின்றது.

படத்தின் தொடக்கம் தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. குதிரைத் திருடர் கூட்டமொன்று குதிரைகளைக் கவர்ந்து நிற்கின்றது. தடுக்க முயன்ற காவலர் அவர்கையில் அகப்படுகின்றனர். மக்வேட் தனியொருவனாய்ப் பொருது அவர்களை மீட்கின்றான். ஆநிரை கவர்தலை வெட்சி எனவும், மீட்டலைக் கரந்தை எனவும் புறப்பொருள் வெண்பாமாலை பகுத்துரைக்கும். நிலமும் காலமும் வேறாயினும் செயல் அதுவே. இங்கே மக்வேட்டுக்குச் சொந்தப் பகை யாதும் இல்லை. பிறர் பொருளையும் பிறர் உயிரையும் காத்தற்காகவே அவன் தன்னுயிரைப் பணயமாக வைக்கின்றான். இது பெருமிதம். இத்தாலிய மேற்குப்புறப் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்த பிரான்செஸ்கோ டி மாசியின் இசையும், சொற்சுருக்கமும், விரிந்த வெளியும் அச்சுவையை நன்கு வளர்க்கின்றன.

பெருமிதத்தின் முதல் நிலைக்களமாகிய கல்வியும் இப்படத்திலே உண்டு. மக்வேட்டாக நடித்த சக் நொரிஸ், அமெரிக்க வான்படையிற் பணியாற்றிய காலத்திலே கொரியாவில் தங் சூ டோ என்னும் போர்க்கலையைப் பயின்றவர். கராத்தேப் போட்டிகளில் வாகை சூடியவர். 1972ஆம் ஆண்டுப் படமொன்றில் புரூஸ் லீயோடு உரோமாபுரிக் கொலோசியத்திலே பொருதவர். எதிர்த்தலைவனாகிய வில்க்ஸ் என்னும் ஆயுத வணிகனாக நடித்தவர் டேவிட் கரடீன். 1972 முதல் 1975 வரை ஒளிபரப்பான 'குங்பூ' தொலைக்காட்சித் தொடரில், ஷாவோலின் மடத்திலே பயின்ற அமைதி மிக்க துறவியாக வந்தவர் அவரே. அறத்தின் உருவாகக் கண்ட ஒருவரைத் தீமையின் உருவாக நிறுத்தியதனால், கற்றார் இருவர்தம் கல்வியை உரைத்துப் பார்க்கும் களமொன்று அமையும் என்னும் எதிர்பார்ப்பு எழுகின்றது.

அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. இராணுவத்தின் ஆயுத வண்டிகள் கொள்ளையிடப்படுதலைக் கண்டமையால் மக்வேட்டின் மகள் சாலி படுகாயமுறுகின்றாள். அவள் காதலன் கொல்லப்படுகின்றான். பின்னர் முதுநண்பன் டக்கோட்டாவும் கொலையுண்கின்றான். வளர்த்த ஓநாயும் மடிகின்றது. குடிக்கு வந்த கேடும் கொலையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படுகின்றன. இவை தொல்காப்பியர் வெகுளிக்கு வகுத்த நிலைக்களங்களே என்பது நோக்கத்தக்கது. வாகனத்தோடு உயிருடன் புதைக்கப்பட்ட மக்வேட், அதனை முடுக்கி மண்ணைப் பிளந்து மேலெழுகின்றபோது, எழுபவன் காவலன் அல்லன். சினங்கொண்ட தந்தையே எழுகின்றான்.

இறுதிப் போர் இதனை உறுதிசெய்கின்றது. வில்க்ஸின் கை ஓங்கி மக்வேட் தளர்ந்து நிற்கும் நிலையிலே, வில்க்ஸ் சாலியை அடிக்கின்றான். அதுகண்டு பொங்கிய சினமே மக்வேட்டுக்கு வெற்றியைத் தருகின்றது. தன்னை அடக்குதலே போர்க்கலையின் முதற்பாடம். இங்கே அடக்கம் தோற்க, அடங்காமை வெல்கின்றது. பல்லாண்டு பயின்ற கல்வியால் முடியாததைக் கணநேரக் கோபம் முடிக்குமாயின், கல்வியின் பயன் யாது? மகளை அடிக்கக் கண்ட தந்தை சினவாதிருத்தல் இயல்போ என வினவுவார் உளர். சினத்தல் இயல்பே, குற்றமும் அன்று. அச்சினத்தையே வீரத்தின் உச்சமாகக் காட்டுதலே குறை.

பெருமிதம் படத்தை விட்டு முற்றாக நீங்கிவிடவும் இல்லை. அது தலைவனிடமிருந்து பிறரிடம் பெயர்ந்துவிடுகின்றது. வில்க்ஸின் துப்பாக்கிக்கு எதிரே சென்று மக்வேட்டுக்காகத் தன் உயிரைக் கொடுப்பவள் லோலா. கொடையின் எல்லை அதுவே. வேண்டாதவன் எனத் தள்ளப்பட்ட இளங்காவலன் கயோவும், கூட்டரசுப் புலனாய்வாளன் ஜாக்சனும் இறுதிப் போரிலே அவனுக்குத் துணைநிற்கின்றனர். தனித்தவன் என்று தலைப்பிலே போற்றப்பட்டவனைப் பிறர் துணையே உயிருடன் மீட்கின்றது. படத்தின் ஆழமான உண்மை இதுவாயினும், வெடிமுழக்கத்தின் நடுவே படம் தானே அதனைக் கேளாது போய்விடுகின்றது.

நொரிஸ் 1993 முதல் 2001 வரை தொலைக்காட்சியிலே மீண்டும் ரேஞ்சராகத் தோன்றிப் பெரும்புகழ் பெற்றமைக்கு வித்திட்டது இப்படம் எனலாம். விறுவிறுப்பிலும் நடிப்பின் எளிமையிலும் அதன் வகைப் படங்களுள் இது மேலானதே. எனினும் இதனைக் காணும் இளைஞர் எதனை வீரமெனக் கொள்வர் என்பதே எண்ணத்தக்கது. முதற் காட்சியில் அறியாதார்க்காகப் பொருத மக்வேட் ஒருவன். இறுதிக் காட்சியில் தன் சினத்துக்காகப் பொருத மக்வேட் வேறொருவன். படம் பின்னவனுக்கே முரசறைகின்றது. முன்னவனே வீரன்.