மூங்கிலும் உரைநடையும்

தொழில் நூலுக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவசியம் வேண்டும் என்பது என் கட்சி. நாவலாசிரியன் பிசகினால் வாசகன் பொறுத்துக்கொள்வான். தொழில் நூலில் ஒரு வாக்கியம் பிசகினால் மூங்கில் பாழ்.

'எ மாஸ்டர்ஸ் கைட் டு பில்டிங் எ பாம்பூ ஃப்ளை ராட்' என்ற நூலை வைத்தே சொல்கிறேன். இறகு கட்டிப் பூச்சிபோல் ஜோடித்த முள்ளை வீசி மீன் பிடிக்கும் தூண்டிற்கோலைச் செய்கிற வித்தை அதில் இருக்கிறது. வித்தைக்கு உரியவர் எவரெட் காரிசன் என்ற அமெரிக்கப் பொறியாளர். அருகிலிருந்து கற்று எழுதியவர் ஹோகி கார்மைக்கேல். காரிசன் 1975-இல் காலமானார். நூல் 1977-இல் வந்தது. கண்ணாடியிழைக் கோல்கள் மலிந்துவிட்ட காலத்தில், ஒரு மனிதரின் கைப்பழக்கம் அவரோடு போகாமல் காகிதத்தில் தங்கியது.

தென்சீனத்து டாங்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு கீற்றுகளை 60 டிகிரி முக்கோணமாக இழைத்து ஒட்டினால் அறுகோணக் கோல். தோலை அடுத்த நாரில்தான் பலம். ஆகையால் இழைப்புளி உள்முகங்களில்தான் ஓடவேண்டும். அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோல் வளையும் விதத்தையே கணக்கிட்டுத் தீர்மானித்தவர் காரிசன். நடையும் அப்படியே.

குறை ஒன்று உண்டு. படிக்கப் படிக்க, எண்களே போதும் என்ற பிரமை பிறக்கிறது. இழைப்புளியின் அலகு எப்போது மழுங்குகிறது என்பதை விரல்தான் அறியும். ஆசான் பக்கத்தில் நின்ற கார்மைக்கேலுக்குக் கிடைத்த அந்தப் பாடம் நமக்கு இல்லை. ஆனால், காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு நகரும் அந்த நடையை நாவலாசிரியர்கள் தாராளமாக இரவல் வாங்கலாம்.