நாலடியார் சொல்லாமல் விட்ட துன்பம்

தமிழ்ச் சங்க மேடைகளுக்குப் பேச வரும் அறிஞர் பெருமக்கள், எதிரே வியாபாரிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் தவறாமல் எடுத்துக்கொள்கிற நாலடியார் வெண்பா ஒன்று உண்டு. பொருளைத் தேடுவது துன்பம், தேடியதைக் காப்பது அதைவிடத் துன்பம், காவல் குறைந்தால் துன்பம், அடியோடு போனாலும் துன்பம். ஆகவே துன்பம் குடியிருக்கும் ஊரே பொருள்தான் என்பது அதன் கருத்து. இதைச் சொல்லிவிட்டு, "குறள் பொருளைப் போற்றும் நூல், நாலடி பொருளைத் தூற்றும் நூல். சமண முனிவர்கள் பாடியதல்லவா, வேறெப்படி இருக்கும்!" என்று முடிப்பார்கள். முன்வரிசைச் செல்வர்களும் தலையாட்டிக் கைதட்டுவார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்? பணம் என்றாலே துன்பம் என்று பழைய நூலே சொல்லிவிட்டால் பணக்காரன் பாவப்பட்ட மனிதன் ஆகிவிடுகிறான். பாவப்பட்டவனிடம் போய் யார் நன்கொடை கேட்பது?

நான் பேராசிரியன் அல்லன். வாஷி மசாலா மார்க்கெட்டில் மஞ்சளும் மிளகாயும் வாங்கி விற்கிறவன். ஊர் வந்தவாசிப் பக்கம். நயினார் வீட்டுப் பிள்ளை. (மும்பையில் ஜைனர் என்றால் குஜராத்தி, மார்வாடி என்றுதான் நினைக்கிறார்கள். தமிழ் பேசுகிற ஜைனரும் உண்டா என்று இன்றும் கேட்கிறார்கள். அது வேறு கதை.) கடையை அடைத்த பிறகு நாலடியாரைப் படிப்பது என் பழக்கம். கணக்குப் படித்த கண்ணால் படிக்கிறேன் என்பதுதான் எனக்கும் அறிஞர்களுக்கும் உள்ள வேற்றுமை.

அந்தக் கண்ணால் மேற்படி வெண்பாவைப் பாருங்கள். அது 280ஆவது பாட்டு. 28ஆவது அதிகாரத்தின் கடைசிப் பாட்டு. அந்த அதிகாரத்தின் பெயர் 'ஈயாமை'. அதாவது பிறருக்குக் கொடுக்காமல் இருப்பதைப் பற்றிய பத்துப் பாட்டில் இது பத்தாவது. மேடையில் இந்தத் தலைப்பைச் சொல்லாமல் பாட்டை மட்டும் சொல்கிறார்கள். வியாதியின் பெயரை மறைத்துவிட்டு மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி.

அடுத்து, பட்டியலைச் சரிபார்ப்போம். தேடல், காத்தல், குறைதல், கெடுதல் என்று நாலு இனம். ஒரு பொருளுக்கு நேரக்கூடியது இவ்வளவுதானா? வரவு இருக்கிறது, இருப்பு இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. செலவு எங்கே? மனம் ஒப்பி ஒருவருக்குக் கொடுத்த பற்று எங்கே? எந்தக் கணக்குப்பிள்ளையும் விடாத இனத்தைப் புலவர் விட்டிருக்கிறார். கைமறதி என்று நான் நினைக்கவில்லை. பஞ்சதந்திரத்தில் இதே கருத்துள்ள வடமொழிச் சுலோகம் ஒன்று வருகிறது. பொருளைத் தேடுவது துன்பம், காப்பது துன்பம் என்று அதுவும் தொடங்குகிறது. ஆனால் அங்கே 'வியயம்', அதாவது செலவு, துன்பப் பட்டியலிலேயே சேர்ந்திருக்கிறது. பொருளே சீ என்று தூற்றுவது அந்தச் சுலோகம். தமிழ் வெண்பாவில் அந்த இனம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்முடையது என்ன சொல்கிறது என்பது விளங்கும்.

இதற்கு மறுப்பு வரலாம். 'குறைபடுதல்' என்பதில் செலவும் அடங்காதா என்று கேட்கலாம். அடங்காது என்பதே என் துணிபு. காத்தலோடு ஒட்டி வருகிற குறை அது. காவலில் இருந்தது குறைந்தால்தான் துன்பம். காவலைத் திறந்து நாமே எடுத்துக் கொடுத்ததைக் குறை என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது. நானூறு பாட்டையும் நாற்பது அதிகாரமாகப் பிரித்தவர் பதுமனார் என்பது மரபு. அப்படியானால் 'ஈயாமை' என்ற தலைப்பு பாடினவர் வைத்ததல்லவே? இருக்கட்டும். தலைப்பை எடுத்துவிட்டே பார்ப்போம். அதே தொகுதியில் சில பாட்டுக்கு முன்னால், கொடுக்காத பணக்காரனைவிட ஏழை எவ்வளவோ தப்பித்தான் என்று ஒரு பாட்டு வருகிறது. பறிகொடுத்தான் என்ற பேச்சிலிருந்து ஏழை தப்பித்தான், காவல் காப்பதிலிருந்து தப்பித்தான், புதைக்கக் குழி தோண்டுவதிலிருந்து தப்பித்தான், கை நோக மூட்டை கட்டுவதிலிருந்தும் தப்பித்தான். அதே காவல், அதே இழப்பு! ஆனால் இங்கே அந்தத் துன்பங்கள் யாருக்கு உரியவை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. செல்வருக்கு என்று இல்லை, வழங்காத செல்வருக்கு என்று இருக்கிறது.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு நையாண்டிப் பாட்டும் உண்டு. கஞ்சன் தன் பொருளை 'என்னுது என்னுது' என்கிறான். நானும் அதை 'என்னுது என்னுது' என்கிறேன். அவனும் கொடுக்கவில்லை, அனுபவிக்கவில்லை. நானும் அப்படித்தான், அப்புறம் என்ன வித்தியாசம் என்று புலவர் கேட்கிறார். இவரையா வாழ்க்கையை வெறுத்த முனிவர் என்பது?

மற்ற அதிகாரங்களும் இதற்கு மாறாகப் பேசவில்லை. செல்வம் வண்டிச் சக்கரம் போலச் சுழலும் என்கிற பாட்டு எல்லாருக்கும் தெரியும். அது சக்கரத்தில் தொடங்கவில்லை. குற்றமற்ற செல்வம் வந்தால், ஏர் உழுது விளைந்த சோற்றைப் பலரோடு சேர்ந்து உண் என்றுதான் தொடங்குகிறது. நிலையாமை அங்கே காரணம். பகிர்ந்து உண்பதுதான் கட்டளை. உடுக்காமல் உண்ணாமல் கொடுக்காமல் சேர்த்தவன் இழப்பான் என்பதற்குத் தேனீயைச் சாட்சிக்கு அழைக்கிறது இன்னொரு பாட்டு. 'நன்றியில் செல்வம்' என்ற அதிகாரத்தில் வரும் கிணறு எனக்கு மிகவும் பிடித்தது. அலை மோதும் கடற்கரையிலேயே வீடு இருந்தாலும், தண்ணீருக்கு மக்கள் ஊற்றுக் குறைந்த நல்ல கிணற்றைத் தேடித்தான் போகிறார்களாம். கடலுக்கு என்ன குறைச்சல்? ஆனால் அது யார் தாகத்தையும் தீர்க்காது. பெருமுத்தரையர் பெயர் வரும் பாட்டொன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. செல்வரானாலும் கொடாதவர் ஏழை. ஏழையானாலும் செல்வரிடம் போய்க் கையேந்தாதவர் பெருமுத்தரையர் என்கிறது. பொருளைத் தூற்றுகிற நூல் ஏழை, பணக்காரன் என்ற சொற்களுக்கு இவ்வளவு அக்கறையோடு புது அர்த்தம் கொடுக்குமா?

இதற்காக நாலடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று நான் வாதாட மாட்டேன். கொடுக்காதவனின் துன்பத்தை அது விரிவாகக் காட்டுகிறது. கொடுக்கிறவனின் மகிழ்ச்சியை அந்த அளவுக்குக் காட்டவில்லை. அங்கே வள்ளுவர்தான் உயர்ந்து நிற்கிறார். வாங்கினவன் முகம் மலர்வதைப் பார்த்துக் கொடுத்தவன் அடைகிற இன்பத்தை 'ஈகை' அதிகாரத்தில் அவர் சொல்லியிருக்கிறார். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2008இல் எலிசபெத் டன் என்ற உளவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் சிலர் கையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தனக்கென்று செலவழித்தவர்களைவிடப் பிறருக்குச் செலவழித்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகை சிறிதா பெரிதா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. கலந்துகொண்டவர்கள் 46 பேர்தான், சின்னச் சோதனை. ஆனாலும் குறளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தகுந்தது.

சமண நூல்கள் இல்லறத்தானைப் பொருளே சேர்க்காதே என்று சொல்வதில்லை. அது துறவிக்கு. இல்லறத்தானுக்கு உள்ள ஐந்தாவது அணுவிரதம் 'பரிக்கிரக பரிமாணம்'. எனக்கு இவ்வளவு போதும் என்று அவனே ஒரு வரம்பு கட்டிக்கொள்வது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இந்த விரதத்துக்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலைப் பின்பற்றியது. மாட்டை அளவுக்கு மீறி ஓட்டுவது, அதன்மேல் அதிகப் பாரம் ஏற்றுவது, மிகையாகக் குவிப்பது, பேராசை ஆகிய நாலும் சுலபமாகப் புரிகின்றன. மீதி ஒன்று 'விஸ்மயம்', அதாவது வியப்பு. வியப்பதில் என்ன குற்றம்? வியாபாரியாக நான் இதை, அடுத்தவன் லாபத்தைப் பார்த்து வாய் பிளப்பது என்று படிக்கிறேன்.

2023இல் மஞ்சள் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. சித்திரையில் நல்ல லாபத்துக்கு விற்றவர்கள் ஆடியில் தூக்கம் இல்லாமல் கிடந்தார்கள். அவர்கள் தேடியது வந்தது, காத்தது குறையவில்லை, ஒரு பைசா கெடவில்லை. நாலடியின் நாலு துன்பத்தில் எதிலும் அது சேராது. தெரிந்தவர் ஒருவர், வாங்கிப்போனவன் எவ்வளவு சம்பாதித்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் கோயில் அன்னதானத்துக்கு வழக்கமாகக் கொடுப்பதில் பாதிதான் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "இந்த வருஷம் பெரிய நஷ்டம் ஐயா" என்றார்.