வாளால் அன்று, சொல்லால்

ரோமுக்குக் கிழக்கேயுள்ள சுபியாகோ மடாலயத்தில், ஜெர்மானியர் இருவர் 1465இல் ஏறத்தாழ 275 படிகளே அச்சிட்ட அரிய பதிப்பு, லக்தான்சியுஸின் ‘தெய்வீகப் போதனைகள்’. கிறிஸ்தவர்களை ரோமப் பேரரசு வதைத்த நான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த வாத நூல் இது.

பூமி உருண்டை என்போரை எள்ளியது ஆசிரியரின் கல்விக்கு இழுக்கே. ஈஸா நபியை இறைமகன் என்னும் கொள்கையும் நமக்கு உடன்பாடன்று. ஆயினும், மார்க்கத்தைச் சொல்லால் காக்கலாமேயன்றி வன்முறையால் திணிக்கலாகாது என ஐந்தாம் பாகம் நிறுவுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனத்தை ஓதும் நாம் இவ்வாதத்தை அயலாகக் கருத இயலுமா?

அச்சிட்டோரின் அமானிதமும் போற்றத்தக்கது. பிற சமய நூல்களின் கிரேக்க மேற்கோள்களுக்கு, எழுத்து வார்த்து முடியும்வரை, முற்பக்கங்களில் வெற்றிடம் விட்டனர். குறைத்தோ மாற்றியோ அச்சிடத் துணியவில்லை. மாற்றார் சொல்லைத் திரிக்காத அந்நேர்மை, சமயவாதம் புரியும் நம்மவர்க்கும் கடமையாகும்.