நொக்ஸின் நூலும் விடுதலை என்னும் கருத்தும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடத்தில், கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. அதன் கரையிலுள்ள மூதூரில் 1893இல் நாட்டப்பெற்ற நினைவுக்கல், ஆங்கிலக் கப்பற்றலைவர் நொக்ஸ் 1660இல் சிறைபிடிக்கப்பட்டதைக் கூறுகின்றது. அவருடைய மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் வரலாற்று மாணவர் நன்கறிந்தது. கண்டி இராச்சியத்தின் வாழ்வை அறிதற்குரிய சான்றாகவே அது பெரிதும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. அடிமைப்பட்ட ஒருவன் விடுதலையை எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்ற நோக்கிலும் அந்நூல் படிக்கப்பட வேண்டும்.

1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் கப்பல், பழுது நீக்கும் பொருட்டே கொட்டியாரத்திற்கு வந்தது. இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கரையிறங்கியோரைப் பிடித்தனர். இதன்பின் நிகழ்ந்ததே நூலின் உயிர்நிலையான பகுதி. தந்தையின் செய்தியுடன் மகன் கப்பலுக்கு அனுப்பப்பட்டான். கடல் முன்னே திறந்து கிடந்தது. நங்கூரத்தைத் தூக்கியிருந்தால் அவன் தப்பியிருப்பான். ஆயினும் தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி கரைக்கு மீண்டு தானே சிறையை ஏற்றான். மறு ஆண்டிலேயே தந்தை காய்ச்சலால் இறந்தார். பிறர்பொருட்டுத் தன் விடுதலையைக் கைவிட்ட இளைஞனை இப்பகுதியிற் காண்கின்றோம். இந்த நொக்ஸ் நம் மதிப்புக்குரியவன்.

அவனுடைய சிறைவாழ்வு விலங்கும் சவுக்கும் நிறைந்ததன்று. கிராமத்தவர் அரச கட்டளைப்படி உணவளித்தனர். அவன் தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடனாகக் கொடுத்துப் பொருள் சேர்த்தான். ஊரூராகத் திரிந்து வாணிகஞ் செய்தான். அவனுக்கு மறுக்கப்பட்டது வீடு திரும்பும் உரிமை ஒன்றே. அவ்வொன்று இன்மையால் ஏனைய வசதிகள் யாவும் அவனுக்குப் பொருளற்றுப் போயின. வயிறு நிறைவதனால் அடிமைத்தனம் இல்லையாகிவிடாது என்பதை நூலின் நான்காம் பகுதி முழுவதும் உணர்த்துகின்றது.

இவ்வுண்மையை உணர்ந்த அதே கை, கண்டிச் சமூகத்தின் அடிமைகளைப் பற்றி எழுதும்போது வேறு விதமாக இயங்குகின்றது. எசமானர் அவர்களுக்கு நிலமும் மாடும் அளிப்பர் என்றும், மதிப்பொழிந்த பிறவற்றில் அவர்கள் எசமானரினும் பெரிதும் தாழ்ந்தவரல்லர் என்றும் நொக்ஸ் எழுதுகின்றான். தனக்குப் போதாத ஆறுதல் அவர்களுக்குப் போதும் என்பது அவன் கணிப்பு. நூலின் ஆழ்ந்த முரண்பாடு இதுவே.

1679இல் நொக்ஸும் ஸ்டீபன் றட்லண்டும் அநுராதபுரம் வழியாகக் காடு கடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தனர். அங்கிருந்து மன்னார், கொழும்பு, பத்தாவியா வழியாகக் கடல் அவனைத் தாயகம் சேர்த்தது. கொழும்பும் பத்தாவியாவும் ஒல்லாந்தர் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய நகரங்கள். ஒருவனை விடுதலைக்கு இட்டுச் சென்ற கடல்வழி, வேறு பலரை அடிமைகளாகக் கொண்டுவந்த வழியுமாகும்.

தாயகம் மீண்ட சில ஆண்டுகளுள், 1680களில், கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற்றலைவனாக அவன் மடகாஸ்கருக்குச் சென்று அடிமைகளை வாங்கிச் சென் ஹெலினாத் தீவுக்குக் கொண்டு சென்றான். 1911இல் அச்சேறிய அவனது தன்வரலாறு இதனை வணிக நடவடிக்கைகளுள் ஒன்றாகவே கூறுகின்றது. பதினேழாம் நூற்றாண்டினனை இக்கால அறத்தால் அளத்தல் தகுமா எனச் சிலர் வினவலாம். ஈண்டு அளவுகோல் இக்காலத்தது அன்று. கொட்டியாரக் கரையிற் கடலை நோக்கி ஏங்கியவன் தானே எழுதித் தந்த அளவுகோல் அது.

நொக்ஸின் கதையைத் தன் 'கப்டன் சிங்கிள்டன்' நாவலிற் (1720) சுருக்கிக் கூறியவர் டானியல் டீபோ. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த அவரது 'றொபின்சன் குறூசோ'விலும் இதே முரண்பாடு உண்டு. மூர்களிடம் அடிமையாயிருந்த குறூசோ படகேறிக் கடல்வழியே தப்புகின்றான். உடன் தப்பிய சிறுவன் சூரியைத் தன்னைக் காத்த கப்பற்றலைவனிடம் அறுபது வெள்ளிக் காசுக்கு விற்றுவிடுகின்றான். வணிக முதலாளித்துவம் வளர்ந்த அக்காலத்தில், விடுதலை மனிதர் யாவர்க்கும் உரிய பொதுப்பேறாக அன்றித் தனியொருவனின் உடைமையாகவே கருதப்பட்டது என்பதை இவ்விரு நூல்களும் காட்டுகின்றன.

இம்முரண்பாட்டை ஐரோப்பியரின் குறையாக மட்டும் கண்டு அமைதிகொள்ளல் தமிழ் வாசகருக்கு ஆகாது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத்து அடிமைகளுக்கென விதிகள் வகுத்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயே. அவர்களுள் தப்ப முயன்றோரும் ஏங்கி மாண்டோரும் இருந்திருப்பர். அவர்களுக்கு இலண்டனிற் பதிப்பாளர் இல்லை. மூதூரிற் கல்லும் இல்லை. நொக்ஸின் ஏக்கத்தை மெய்யென ஏற்கும் வாசகன், எழுதப்படாத அவர்களது ஏக்கத்தையும் மெய்யென ஏற்கக் கடமைப்பட்டவன்.