காவலரணும் குடியிருப்பும்
அல்பேனிய அனுபவம் பற்றிய எழுத்துக்கள்: ஒரு விமர்சன நோக்கு

கைவிடப்பட்ட இராணுவக் காவலரண்களை மனிதர் குடியிருக்கும் வீடுகளாக மாற்றியமைத்தல் குறித்து மேலைநாட்டார் எழுதிவருவன ஒரு தனித்துறை எனக் கருதத்தக்க அளவுக்குப் பெருகியுள்ளன. நாவல், திரைப்படம், புகைப்படத் தொகுதி, பயண நூல், கட்டடக்கலை ஆய்வு எனப் பல வடிவங்களில் இவை வெளிவந்துள்ளன. இவற்றுட் பல அல்பேனியாவைத் தொடாமற் செல்வதில்லை. முப்பது இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் 1983ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 173,000 காவலரண்கள் கட்டப்பட்டிருந்தன என்பதை நோக்குமிடத்து இது வியப்புக்குரியதன்று. வயலிலும் கடற்கரையிலும் மலைச்சரிவிலும் மயானத்தின் அருகிலும் கொங்கிறீற்றுக் குமிழ்களாக அவை முளைத்திருந்தன. ஆயினும், இவ்வெழுத்துக்களைத் தொடர்ந்து படிக்கும் ஒருவருக்கு ஒரு குறைபாடு தெளிவாகப் புலப்படும். குமிழைப் பற்றி நிறையக் கூறப்படுகின்றது; அதனுள் அடுப்பு மூட்டியவரைப் பற்றிக் கூறப்படுவது மிகக் குறைவு. இக்கட்டுரை அக்குறைபாட்டின் காரணங்களை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். போர்க்கால அனுபவத்தின் விளைவாக ஈழத்துத் தமிழில் இரண்டு சொற்கள் நிலைபெற்றன. ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் தப்புவதற்காக வீட்டு வளவில் குடும்பத்தவர் தாமே வெட்டிப் பனங்குற்றி பரப்பி மண்மூடை அடுக்கியது பதுங்குகுழி. துப்பாக்கியுடன் படையினன் நின்ற இடம் காவலரண். ஆங்கிலம் இரண்டினையும் ஒரே சொல்லால் வழங்கும். எமது மக்கள் அவ்வாறு வழங்கவில்லை. முன்னையது உயிர் காக்க மக்கள் தாமே அமைத்தது. பின்னையது அரசு அமைத்தது. இவ்வேறுபாட்டினை மனங்கொண்டே மேற்செல்லல் வேண்டும். இங்கு எமது பொருள் இரண்டாவதாகும்.

அல்பேனியக் காவலரண் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் என்வர் ஹொஜாவின் மனப்பிறழ்விலே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. வரலாறு அத்துணை எளிதன்று. 1949இலிருந்து பிரித்தானிய, அமெரிக்க உளவு நிறுவனங்கள் ஆயுதந் தாங்கியோரை அல்பேனியாவுக்குள் இரகசியமாக அனுப்பி ஆட்சியைக் கவிழ்க்க முயன்றமை கட்டுக்கதையன்று. 1961இல் சோவியத் யூனியனுடனான உறவு முறிந்தது. 1968இல் செக்கோஸ்லவாக்கியாவினுள் வார்சோ ஒப்பந்தப் படைகள் புகுந்ததையடுத்து அல்பேனியா அவ்வொப்பந்தத்திலிருந்து முறைப்படி விலகியது. 1978இல் சீன உதவியும் நின்றுபோயிற்று. முற்றுகையிடப்பட்ட உணர்வுக்குப் புறநிலை ஆதாரம் இருந்தது. எனினும், ஆதாரமுள்ள அச்சம் எத்தகைய அரசியல் வடிவத்தைப் பெற்றது என்பதே கேள்வி. மக்கள் போர் என்னும் கோட்பாடு மக்களின் அசைவிலும் முன்முயற்சியிலும் தங்கியிருப்பது. அதனை அசைக்கமுடியாத கொங்கிறீற்றாக உறையச் செய்தமை அக்கோட்பாட்டின் மறுப்பேயாகும். மக்கள்மீது நம்பிக்கை குறையக் குறையச் சுவர் தடிக்கிறது.

ஈண்டு எம் பக்கத்துக் கடன் ஒன்றையும் தீர்க்கவேண்டியுள்ளது. 1960களில் சர்வதேசப் பொதுவுடைமை இயக்கம் பிளவுற்றபோது, உலகெங்கும் சீனச் சார்பை மேற்கொண்டோர் அல்பேனியாவை ஐரோப்பாவின் உறுதிமிக்க சோஷலிச நாடாக மதித்தனர். இலங்கை இடதுசாரிகளுள்ளும் அவ்வாறு கருதியோர் இருந்தனர். முதிய தோழர் ஒருவரின் நூற்சேர்க்கையில் திரானாவில் அச்சிடப்பெற்ற ஆங்கிலப் பிரசுரங்களை நான் மாணவனாயிருந்த காலத்திற் கண்டதுண்டு. எழுத்தறிவின் வளர்ச்சி, மின்சாரம் கிராமங்களை எட்டியமை, பெண்கள் தொழிற்சாலை சென்றமை ஆகியன அவற்றிற் பேசப்பட்டன. அவற்றில் உண்மையும் இருந்தது. காவலரண்களைப் பற்றியோ வீட்டுப் பற்றாக்குறையைப் பற்றியோ நான் புரட்டிய பக்கங்களில் ஒரு வரியும் இருக்கவில்லை. மக்கள் தம் ஓய்வுநேர உழைப்பைக் கொடுத்து அடுக்குமாடி வீடுகளை எழுப்பிய அதே நாட்டில், சீமெந்தும் உருக்கும் படைத்துறைக்கே முதலிற் சென்றன. உற்பத்திச் சாதனங்கள் சமூகவுடைமையானால் மட்டும் போதாது, மிகையுழைப்பு எதற்குச் செலவாகும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் உழைப்போர் கையில் இருத்தல் வேண்டும் என்னும் அடிப்படை உண்மையை அல்பேனியா எதிர்மறையாக நிறுவியது. மார்க்சியர் இதனைக் கூறத் தயங்கின், பிறர் தமக்கேற்றவாறு கூறிவிடுவர், கூறியுமுள்ளனர்.

அவ்வாறு கூறியோருள் முதன்மையானவர் இஸ்மாயில் கதாரே. 1992இல் வெளிவந்த 'பிரமிட்' என்னும் அவரது நாவல் எகிப்திய மன்னன் கூபுவின் கல்லறைக் கட்டுமானத்தைப் பொருளாகக் கொண்டு சர்வாதிகாரத்தை உருவகப்படுத்துவது. கதாரேயின் ஆற்றலை எவரும் மறுக்கவியலாது. மக்களின் செழிப்பை அழிப்பதற்காகவே ஒரு பயனற்ற பெருங்கட்டடம் தேவைப்படுகின்றது என்னும் அவரது கற்பனை கூர்மையானது. ஆனால், உருவகம் காலத்தைக் கரைத்துவிடுகின்றது. அடிமைச் சமுதாயத்து மன்னனும் இருபதாம் நூற்றாண்டின் கட்சித் தலைவனும் ஒருவரேயெனின், வரலாற்றில் விளங்கிக்கொள்ள எதுவும் எஞ்சுவதில்லை. குய்திம் சாஷ்குவின் 'கேணல் பங்கர்' (1996) என்னும் திரைப்படம் இவ்வகையில் ஒருபடி நிலத்துக்கு நெருங்கி வருகின்றது. காவலரண் கட்டும் பணிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவரின் வீழ்ச்சி அதன் கரு. குவிமாடக் காவலரணை வடிவமைத்த பொறியியலாளர் யோசிப் சகாலி 1970களில் சிறையிலிடப்பட்டவர் என்பதை அறிந்தவருக்கு இக்கதை வெறுங் கற்பனையன்று. ஆயினும், இங்கும் காவலரண் கட்டியவனின் துயரமே பேசுபொருள். அதில் வாழ நேர்ந்தவர் கதைக்கு வெளியேதான் நிற்கின்றார்.

அவர் யார்? சிறிய வகைக் காவலரண் மூன்று மீற்றர் விட்டமுடையது. ஓரிரு படையினர் நிற்கவே போதும். பெரிய வகை ஏறத்தாழ எட்டு மீற்றர் விட்டமுடைய குவிமாடம். துண்டு துண்டாக வார்க்கப்பட்டு, இருந்த இடத்திற் பொருத்தப்பட்டது. நிறை முந்நூற்றைம்பது தொன்னுக்குக் குறையாதது. 1991இன் பின் வீடற்றோர் சிலர் குடிபுகுந்ததும், வேறு சிலர் ஆடு மாடு கட்டியதும், வைக்கோல் சேமித்ததும், தேநீர்க் கடை வைத்ததும் இத்தகையவற்றிலேதான். ஹொஜா இறந்தது 1985இல் என்பதை மறந்துவிடலாகாது. காவலரணைக் கட்டியது சோஷலிசம் எனத் தன்னை அழைத்துக்கொண்ட அரசு. அதனுள்ளே குடும்பத்தைத் தள்ளியதோ அதன்பின் வந்த சந்தை. அரசுக்குரிய நகர வீடுகள் 1990களின் முற்பகுதியில் அவற்றிற் குடியிருந்தோருக்கே விற்கப்பட்டன. வீடு பெற்றிருந்தவர் உடைமையாளரானார். பெறாதிருந்தவர் என்றைக்குமே வரிசைக்கு வெளியே நின்றார். வடமலைப் பிரதேசங்களிலிருந்து கூட்டுப்பண்ணையும் தொழிற்சாலையும் மூடப்பட்டுச் சமவெளிக்கு இறங்கியோர் திரானாவின் புறத்தே கிடைத்த நிலத்தில் தங்கினர். 1997இன் தொடக்கத்தில் பிரமிட் முறை முதலீட்டு நிறுவனங்கள் சரிந்தபோது வீட்டையும் மந்தையையும் விற்றுப் பணமிட்டவர்கள் அனைத்தையும் இழந்தனர். (கதாரேயின் நாவலின் தலைப்பு ஐந்து ஆண்டுகளில் இவ்வாறு வேறொரு பொருளும் பெற்றது. முதலாளித்துவமும் பிரமிட் கட்டும் என்பதை அந்நாவலின் உருவகம் முன்னுணரவில்லை.) இவ்விரு கட்டங்களையும் சேர்த்து நோக்காத எந்த விளக்கமும் அரைகுறையே.

குவிமாடத்தினுள் வாழ்வதென்பது யாது? வளைந்த சுவரில் அலுமாரி ஒட்டி நிற்காது. கட்டில் மூலையிற் சேராது, ஏனெனில் மூலையே கிடையாது. துப்பாக்கி முனைக்கென விடப்பட்ட இடைவெளிதான் சாளரம். அது வெளியே சுடுவதற்கு அமைந்தது; வெளிச்சம் உள்ளே வருவதற்கு அன்று. மாரியில் உள்ளே அடுப்பெரியும்போது குளிர்ந்த கொங்கிறீற்றில் ஈரம் படிந்து வடியும். புதிதாக ஒரு சாளரம் திறக்க நினைப்பவர், குண்டுத் தாக்குதலைத் தாங்கவெனக் கம்பி இடப்பட்ட சுவரோடு உளியாற் போராடவேண்டும். படுக்கை, அடுக்களை, பிள்ளைகள் படிக்கும் இடம் யாவும் ஒரே வட்டத்தினுள். அவ்வட்டத்தை நாள் முழுவதும் ஒழுங்குபடுத்தும் உழைப்பு எவருடையது என்பதை எமது வாசகருக்குக் கூறவேண்டியதில்லை. இதனை எழுதிய நாவல் எதனையும் நான் படித்ததில்லை.

1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் குகையைப் பற்றிக் கூறுவது ஈண்டு பெரிதும் பயன்படும். ஆதி மனிதன் குகையில் வாழ்ந்தபோது அது அவனுக்கு இயல்பான சூழலாயிருந்தது. நீரில் மீன் போல. நவீன வறியவனின் நிலவறையோ அவனுக்குப் பகையானது, ஏனெனில் அது வேறொருவனுக்குச் சொந்தம். வாடகை தவறின் மறுநாளே அவன் வெளியே எறியப்படலாம். குகையின் இருளோ ஈரமோ அல்ல, உடைமையுறவே அந்நியமாதலின் ஊற்று என்பது மார்க்சின் வாதம். காவலரணிற் குடியேறியவரின் நிலையும் இத்தகையதே. அவருக்குத் தலைக்கு மேல் உலகிலேயே வலிமைமிக்க கூரைகளுள் ஒன்று உண்டு. கையில் உறுதி இல்லை. எமது நாட்டில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரின் வீடுகளும் வளவுகளும் உயர்பாதுகாப்பு வலயமாயின. நிலம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது பலரிடம் உறுதி இருந்தது; வீடு இருக்கவில்லை. வீட்டைக் காவலரணாக்குவதும் காவலரணை வீடாக்குவதும் ஒரே நாணயத்தைப் பிரித்தறிய உதவும் இரு பக்கங்கள்.

இப்பின்னணியில் போல் விரிலியோவின் 'பங்கர் தொல்லியல்' (1975) என்னும் புகழ்பெற்ற நூலை மதிப்பிடலாம். பிரெஞ்சுக் கடற்கரையில் ஜேர்மானியர் எழுப்பிய அத்திலாந்திக் அரணை 1958இலிருந்து அவர் புகைப்படமெடுத்தார். அவரது பார்வை நுண்மையானது. போரின் வேகமும் நிலமும் எவ்வாறு கட்டட வடிவத்தை நிர்ணயிக்கின்றன என்பதை அவர்போல் விளக்கியவர் சிலரே. ஆனால் அவர் காண்பது கல்லறையை, கோயிலை, சிற்பத்தை. குளோட் பரென் என்பவருடன் இணைந்து நெவேர் நகரில் காவலரண் வடிவிலேயே ஒரு தேவாலயத்தை அவர் 1960களில் அமைத்தமை இந்நோக்கின் தர்க்கரீதியான முடிவு. அரண்களைக் கட்டிய கட்டாய உழைப்பாளர் மங்கி, வடிவம் மட்டும் ஒளிர்கின்றது. வடிவவாதம் கவிதையை மாத்திரம் பீடிக்கும் நோயன்று.

அல்பேனியக் காவலரண்களை மலிவான சுற்றுலா விடுதிகளாக்கலாம் என 2000களில் இளம் கட்டடக்கலை மாணவர் முன்வைத்த திட்டங்கள் நேர்மையானவை. வெறுப்புக்குரிய எச்சத்தைப் பயனுள்ளதாக்கும் விருப்பத்திற் பிறந்தவை. இருந்தும் அவை மனத்திற் கொண்ட குடியிருப்பாளன் ஓரிரவு தங்கிச் செல்லும் வெளிநாட்டான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அணுவேவுகணைக் குழியொன்று செல்வந்தருக்கான நிலக்கீழ் மாடிவீடுகளாக்கப்பட்டு மில்லியன் கணக்கான டொலருக்கு விற்கப்பட்ட செய்தியை இதனோடு வைத்துப் பார்க்கலாம். பிராட்லி கரெற்றின் 'பங்கர்' (2020) அதனை விரிவாகக் கூறுகின்றது. இங்கு நாம் விரிக்க வேண்டியதில்லை. வீட்டுப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் 1872இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் வற்புறுத்தியது, பெருநகரங்களில் ஏற்கெனவே போதிய வீடுகள் உள்ளன, அவை பங்கிடப்படும் முறையே கோளாறு என்பதாகும். புதுமையான கட்டடத் தீர்வுகள் மீது மிகுந்த மோகம் எழும்போதெல்லாம் அவ்வாதத்தைத் திரும்பப் படித்தல் நன்று.

வேறுவிதமாக எழுத முடியாதா? முடியும் என்பதற்குச் சுவீடிய எழுத்தாளர் ஸ்ரிக் டாகர்மன் சான்று. தோல்வியுற்ற ஜேர்மனியில் 1946 இலையுதிர்காலத்திற் பயணஞ் செய்து அவர் எழுதிய 'ஜேர்மானிய இலையுதிர்காலம்' (1947) நீர் தேங்கிய நிலவறைகளில் வாழ்ந்த குடும்பங்களோடு தொடங்குகின்றது. அங்கு வரும் நிருபர்கள், ஹிட்லர் காலத்தில் இதைவிட நன்றாக வாழ்ந்தீர்களா என வினவுகின்றனர். ஆம் என்ற விடையைப் பெற்றுக்கொண்டு, நாசிசம் இன்னும் உயிருடன் உள்ளது என எழுதச் செல்கின்றனர். டாகர்மன் நாசிசத்தின் கடும் எதிரி. அவர் கண்டிப்பது, கணுக்கால் நீரில் நிற்பவரிடம் நீரை விலக்கிவிட்டு அபிப்பிராயத்தை மட்டும் கேட்கும் முறையையே. அல்பேனியக் காவலரண்வாசியிடமும் பயண எழுத்தாளர் கேட்பது பெரும்பாலும் இக்கேள்வியின் சாயலே: ஹொஜாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கூரை ஒழுகுகிறதா, குழந்தைக்கு இருமல் உண்டா, இந்நிலம் யாருடையது என்று கேட்பவர் அரிது.

1999இல் கொசோவோப் போரின்போது எல்லைக்கு அப்பாலிருந்து சேர்பியப் பீரங்கிகள் சுட, அல்பேனிய எல்லைக் கிராமத்தவர் இக்குவிமாடங்களுக்குள் ஒதுங்கினர். எல்லை கடந்து வந்த அகதிகளும் கூடார முகாம்களுக்கு மாற்றப்படும்வரை குழந்தை குட்டிகளுடன் அவற்றிலே தங்கினர். எந்தப் படையெடுப்புக்காகக் கட்டப்பட்டனவோ அது வரவேயில்லை. அரசு கட்டிய காவலரண் சில வாரங்களுக்கு மக்களின் பதுங்குகுழியாயிற்று. அதே நாட்களில், குகெஸ் நகரில் நிலைகொண்ட நேட்டோ படையினர் டசின் கணக்கான காவலரண்களைப் பெயர்த்தெடுத்துச் சென்று தமது முகாமைச் சுற்றி நிறுத்திக்கொண்டனர்.