ஏக்கர் தமிழில், டன் ஆங்கிலத்தில்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு அளவைகள் இரண்டு. தமிழில் அது ஏக்கர், ஆங்கிலத்தில் டன். நம்மாளு ஏக்கர் கணக்கில் விற்கிறான். வாங்குகிறவன் டன் கணக்கில் பார்க்கிறான். இந்த இடைவெளியில் வைத்துத்தான் ஆங்கில வணிக இதழ் என்கிற பிரதியை வாசிக்க வேண்டும்.

'பிசினஸ் இந்தியா' 1978இல் பம்பாயிலிருந்து வந்தது. 1981இல் 'பிசினஸ் வேர்ல்ட்', 1992இல் 'பிசினஸ் டுடே'. சிமெண்ட் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 1982இல் பாதியும் 1989இல் முழுசும் போனது. இதுக்கு அது காரணம் என்று முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் லைசென்சுக்காக டெல்லித் தாழ்வாரத்தில் காத்துக்கிடந்த முதலாளி இனிப் பங்குச் சந்தையில் பணம் திரட்ட வேண்டும். அதற்கு ஒரு கதையாடல் வேண்டும். அதை நம்பவும் சந்தேகிக்கவும் முதலீட்டாளன் என்றொரு வாசகத் தன்னிலையும் வேண்டும். அந்தத் தன்னிலையைக் கட்டமைத்த பிரதிகள் இவை.

அவன் கண்ணில் நம்ம ஊர் எப்படித் தெரிகிறது? ரெட்டிபாளையம், ஆலத்தியூர், கீழப்பழுவூர், தளவாய் எல்லாமே 'உற்பத்தித் திறன்'. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனபோது தளவாய் ஆலையும் கூடவே போனது. சந்தைக்கு அது, தெற்கே யாருக்கு எவ்வளவு பங்கு என்கிற கதை. லாரிப் புழுதியில் சைக்கிள் மிதிக்கிறவன் அதில் பாத்திரமே இல்லை.

'முதலாளித்துவ ஊதுகுழல்' என்று சொல்லிவிட்டு நமது விமர்சனம் வழக்கமாக இங்கேயே படுத்துவிடும். ஊதுகுழல்தான், யார் இல்லேன்னா? அட்டையில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். விளம்பரம் எங்கே முடிகிறது, கட்டுரை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் முதலீட்டாளனிடம் பொய் சொன்னால் அவன் பணத்தை உருவிக்கொண்டு போய்விடுவான். அதனால் அவனிடம் சில உண்மைகளைப் பேசியே ஆக வேண்டும். கல் எத்தனை வருஷத்துக்குக் காணும், கடன் எவ்வளவு, ஒரு டன்னுக்கு என்ன மிஞ்சுகிறது.

எங்க சித்தப்பாவிடம் தரகர் சொன்னது வேறு. 'கல்லுக்காடுண்ணே, எள்ளு கூட வெளையாது, வந்த வெலைக்குத் தள்ளிடுங்க.' தள்ளிவிட்டார். பல கோடி வருஷம் முந்தி அங்கே கடல் கிடந்தது, அதனால்தான் அது கல்லுக்காடு, அதனால்தான் அதுக்கு விலை என்பதை அவரிடம் யாரும் தமிழில் சொல்லவில்லை.

பெரம்பலூர்ப் பக்கம் திருமாந்துறை, எறையூரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று வாங்கிய நிலம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. 2022இல்தான் எறையூரில் காலணிப் பூங்கா வந்தது. சும்மா கிடக்கும் நிலத்துக்கு வணிக ஆங்கிலத்தில் 'லேண்ட் பேங்க்' என்று பெயர். வித்தவனுக்கு அது தரிசு.

கணக்கைத் தமிழில் போடச் சட்டம் இல்லையா? பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி காலாண்டு முடிவு பற்றி ஓர் ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் இருக்கும் வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும் என்பது விதி. அல்ட்ராடெக்கின் பதிவு அலுவலகம் மும்பையில். ஆக, ரெட்டிபாளையத்துக் கல்லின் லாபம் மராத்தியில் அச்சாகிறது!

நம்மையும் சொல்ல வேண்டும். அல்தூசரையும் ஃபூக்கோவையும் வரிக்கு வரி தமிழாக்கிய சிறுபத்திரிகைக்காரர்கள் நாம். ஒரு சிமெண்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையை எழுத்துக் கூட்டிக்கூடப் படித்ததில்லை. மைன்ஸ் விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் கோஷத்தோடு போகிறோம். எதிரே இருக்கிறவன் எண்ணோடு வருகிறான்.

பெரும் பத்திரிகை நிறுவனம் தமிழில் செய்ததும் உண்டு: 2005இல் 'நாணயம் விகடன்'. எளிமையாக, அக்கறையாகவே எழுதினார்கள். ஆனால் அது தமிழனைப் பங்கு வாங்குகிறவனாக விளித்தது, நிலம் விற்கிறவனாக அல்ல. சித்தப்பா மகன் அதைப் படித்து வளர்ந்தவன். திருச்சியில் வேலை. போன மாசம் போன் போட்டு, 'அண்ணே, சிமெண்ட் ஷேர் வாங்கலாமா?' என்று கேட்டான்.