ஏற்றுமதிச் சீட்டித்துணியும் ‘ஐரோப்பியத் தாக்கம்’ என்னும் கருத்தும்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான சீட்டித்துணிகளின் உருவமைப்பை ‘ஐரோப்பியத் தாக்கம்’ என்ற ஒரே தொடரால் விளக்கும் போக்கு கலை வரலாற்றெழுத்தில் நிலவுகிறது. ஆணையிட்டவரை முன்னிறுத்தும் இத்தொடர், ஆக்கியவரின் பங்கை மறைத்துவிடுகிறது.

தாக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. 1643-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள், செந்நிறத் தளமுடைய விரிப்புகள் வாங்குவோர் அனைவருக்கும் உவப்பாக இல்லை என்றும், வெண்தளம் மிகுந்திருக்க வேண்டும் என்றும் சூரத் முகவர்களுக்கு எழுதினர். பின்னாளில் சோழமண்டலப் படுக்கை விரிப்புகளிலும் வெண்தளத்தின்மேல் கிளைபரப்பும் பூமரமே முதன்மை பெற்றது. எனினும் அம்மடலே, நடுவில் அமையும் பூங்கொடியின் வடிவை ஓவியரின் விருப்பத்திற்கு விட்டிருந்தது. அப்பூமரம் பாரசீக, சீன, ஐரோப்பிய, இந்தியக் கூறுகளின் கலவை என்பதை ஜான் இர்வின், கேத்தரின் பிரெட் ஆகியோர் 1970-இல் வெளியிட்ட நூல் விளக்குகிறது.

வெண்தளம் தொழில்முறையில் எளிய மாற்றமன்று. படிகாரமும் இரும்புக் கரைசலும் தீட்டப்பட்ட இடங்களில் மட்டுமே சாயவேரின் நிறம் நிலைக்கும். ஆயினும் பிற இடங்களிலும் மெல்லிய செம்மை படியும். அதனை நீக்கச் சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, மீண்டும் மீண்டும் நீர் தெளித்து வெளுக்க வேண்டும். அவுரித் தொட்டியில் தோய்க்கும்முன், நீலம் ஏறக்கூடாத பரப்பு முழுவதையும் மெழுகால் மூட வேண்டும். லண்டனில் ஒரு வரியாக எழுதப்பட்ட விருப்பம், கரையில் பலநாள் உழைப்பாயிற்று.

இத்தொழில்நுட்பத்தை ஐரோப்பியர் இங்கு வந்தே கற்றனர். 1734 அளவில் பியூலியூ புதுச்சேரியில் ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு துணி மாதிரி சேகரித்தார்; 1742-இல் சேசு சபைப் பாதிரியார் கெர்தூ செய்முறையை விரிவாக எழுதியனுப்பினார். 1686 முதல் 1759 வரை இத்துணிகளுக்குப் பிரான்சில் தடை நிலவிய காலத்தில் இவை நிகழ்ந்தன.

ஐரோப்பா ஒன்றே சந்தையுமன்று. பழவேற்காட்டில் துணி வாங்கிய டச்சுக் கம்பெனியே ஜப்பானின் தெஷிமாவிலும் வணிகம் செய்தது. அரிதா குயவர்களுக்கு ஐரோப்பியக் கலங்களின் மர மாதிரிகளை அளித்துப் பீங்கான் செய்வித்த அக்கம்பெனி, சோழமண்டலத் துணியை ஜப்பானுக்குக் கொண்டுசென்றது. அங்கு அது ‘சரசா’ எனப் போற்றப்பட்டது. சயாம் அரசவைக்கும் இந்தோனேசியத் தீவுகளுக்கும் வெவ்வேறு உருவமைப்புகள் இக்கரையிலேயே தீட்டப்பட்டன. ஆகவே, பிறர் சுவையறிந்து வரைதல் இவ்வோவியர்களின் தொழிற்புலமையின் ஒரு கூறு. ஐரோப்பிய ஆணை அப்புலமையைப் பயன்கொண்ட பலவற்றுள் ஒன்று.

‘தாக்கம்’ என்பதைவிடச் ‘சந்தைக்கேற்ற ஆக்கம்’ என்பதே இத்துணிகளுக்குப் பொருந்தும். ஓவியர்களின் பெயர்கள் துணிகளில் இல்லை; அவர்களின் முடிவுகளோ மெழுகிட்ட எல்லையிலும் வெளுத்த தளத்திலும் உள்ளன. அவற்றைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வே இக்கலைக்கு நீதி செய்யும்.